ஆள்காட்டி காட்டிய ஆள்

எங்கள் வீட்டில் பேய்ப் பேச்சே கிடையாது. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க், அம்மா அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், ராத்திரி ஜெபம் முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவோம், சின்ன வயதில் இருட்டைப் பார்த்து அழுதால்கூட "ஆண்டவர் முழிச்சுத்தான் இருக்காரு, நீ தூங்கு" என்று அம்மா சொல்வதோடு சரி. நானும் விலங்கியல் படித்தேன். பன்னிரண்டு வருடம் அதையே பாடமாக நடத்தினேன். கரப்பான்பூச்சியை அறுத்து நரம்பு காட்டுகிறவளுக்கு ஆவி மேல் எங்கிருந்து நம்பிக்கை வரும்? யாராவது இந்த மாதிரிக் கதை சொன்னால், "அன்னைக்கு நீங்க ஒழுங்கா தூங்குனீங்களா?" என்று கேட்கிற ஆள் நான். அதையே இப்போது நீங்கள் என்னிடம் கேட்பீர்கள், கேளுங்கள். நன்றாகத்தான் தூங்கினேன். அது ராத்திரியும் இல்லை. சித்திரை மாதம், காலை ஏழு மணி வெயில், பக்கத்தில் இன்னொரு மனிதரும் இருந்தார்.

வாடிப்பட்டி தாண்டி, திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளே போனால் சிறுமலையைப் பார்த்தாற்போல் ஒரு தனியார் விமானப் பயிற்சித் திடல் இருக்கிறது. பெயர் வேண்டாம், நான் இன்னமும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன விமானங்கள் மூன்று, அவற்றை நிறுத்தி வைக்க ஒரு பெரிய கொட்டகை, அதன் மேல் கண்ணாடி வைத்த ஒரு மாடி அறை, தெற்கு வடக்காக ஒரே ஒரு ஓடுபாதை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் கால் மணி நேரம் ஆகும். அந்த ஓடுபாதையில் ஓர் உயிரும் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. டீச்சர் வேலையை விட்டுவிட்டு நாய் விரட்டப் போகிறாயா என்று விளாங்குடியில் எங்கள் தெருவே கேட்டது. ஆமாம், நாய்தான் விரட்டுகிறேன்.

பறவையால் விமானத்துக்கு ஆபத்து என்றால் எல்லாரும் வானத்தில் பெரிய விமானத்தின் இன்ஜினுக்குள் பருந்து போவதைத்தான் நினைக்கிறார்கள். சின்ன விமானத்துக்கு ஆபத்து பெரும்பாலும் தரையில்தான். எங்கள் பக்கம் மயிலுக்குப் பஞ்சமே இல்லை, ஒரு மயில் நடு ஓடுபாதையில் தோகையை இழுத்துக்கொண்டு நிற்கும், இறங்கி ஓடி வருகிற விமானத்தைப் பார்த்தாலும் அவசரப்படாது, ஓட்டுகிற பிள்ளை பயந்துபோய்ச் சட்டென்று திருப்பினால் இறக்கை தரையில் இடித்து விமானம் சுழன்றுவிடும். மயில் மட்டுமா? கதகதப்பாக இருக்கிறதென்று தாரில் வந்து படுக்கும் நாய்கள், வேலி ஓட்டையில் நுழையும் ஆடுகள், மழை பெய்த மறுநாள் ஈசல் தின்ன வரும் கொக்குக் கூட்டம். ஒவ்வொரு விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் நான் வாக்கிடாக்கியில் "கிளியர்" என்று சொல்ல வேண்டும். நான் சொல்லாமல் எதுவும் இறங்காது.

என்னோடு ஜீப் ஓட்டுகிறவர் முத்தையா அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர், பக்கத்து ஊர்க்காரர். ஓடுபாதையின் வடக்கு முனையில் அவர்கள் குடும்பத்துக் கடலைக்காடு இருந்ததாம், அதைச் சொல்லும்போதுகூட "அங்கிட்டுத் தண்ணியே நிக்காது டீச்சர், அருமையான எடம், அதேன் பாத்துப் போட்டுருக்காக" என்று பாராட்டுகிற மாதிரிதான் சொல்வார். நான் பள்ளிக்கூடத்தை விட்டு வருடங்கள் ஆனாலும் அவருக்கு நான் டீச்சர்தான். நான் ஒன்றைச் சொன்னால் மறு கேள்வி கேட்க மாட்டார். அதுதான் பின்னால் எனக்குப் பெரிய கஷ்டமாகப் போய்விட்டது.

இந்த விஷயம் புரிய வேண்டுமானால் ஆள்காட்டிக் குருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குருவி என்று பெயர், ஆனால் கிட்டத்தட்ட புறா அளவு இருக்கும், நீண்ட மஞ்சள் கால், கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு சதை. மரத்தில் கூடு கட்டாது. வெறும் தரையில், சரளைக் கல்லுக்கு நடுவில் நாலு முட்டை வைக்கும், பக்கத்தில் நின்றாலும் கல்லா முட்டையா தெரியாது. யாராவது அந்தப் பக்கம் வந்தால் போதும், ஜோடியாக எழும்பிக் கத்தித் தீர்த்துவிடும், அதனால்தான் அந்தப் பெயரே. இதில் ஒரு விஷயம், கத்தல் எல்லாம் ஒன்றுபோல் இருந்தாலும் பறவை நடந்துகொள்ளும் விதம் வருவது எது என்பதைப் பொறுத்து மாறும். மாடு வந்தால் பறக்காது, முட்டைக்கு முன்னால் இறக்கையை விரித்துக்கொண்டு நின்று மறிக்கும். மேலே பருந்து வட்டமிட்டால் சத்தமே போடாமல் பதுங்கும். பாம்பு என்றால் தரையோடு தரையாகச் சுற்றிச் சுற்றி ஓடும். மனிதன் வந்தால் மட்டும் மேலே எழும்பி, மண்டையைக் குறிவைத்துச் சாய்வாகப் பாய்ந்து, ஒரு முழம் இருக்கும்போது விலகி ஏறும். நாய்க்கும் பாயும், ஆனால் அந்தப் பாய்ச்சல் முழங்கால் உயரத்துக்கு இறங்கும். இதெல்லாம் புத்தகத்தில் படித்தது இல்லை, மூன்று வருடம் உட்கார்ந்து பார்த்தது.

அந்த வருடம் ஓடுபாதையின் மேற்கு ஓரச் சரளையில் மூன்று ஜோடி முட்டை வைத்திருந்தன. வடக்கு முனையில் ஒன்று, நடுவில் ஒன்று, தெற்கே ஒன்று. எடுத்துவிட வேண்டும் என்றார் கேப்டன். அவர்தான் எங்கள் தலைமைப் பயிற்சியாளர், பெரிய விமானங்கள் ஓட்டி ஓய்வு பெற்றவர், அதிகம் பேச மாட்டார். குஞ்சு பொரிக்க இன்னும் பத்து நாள்தான், அது தாழ்வாகப் பறக்கிற பறவை, விமானம் வந்தால் தானே பதுங்குகிறது, நாய் வந்தால் நமக்கு முன்னால் அதுதான் சொல்கிறது, சம்பளம் இல்லாத மூணு காவல்காரங்க சார் என்று நான் மல்லுக்கட்டி அவகாசம் வாங்கியிருந்தேன். "ஏதாவது ஆச்சுன்னா உன் காவல்காரங்கள நான் கேக்க மாட்டேன் ஜெசிந்தா, உன்னத்தான் கேப்பேன்" என்றார்.

சம்பவம் நடந்த அன்று ஹரிணி என்ற மாணவி முதல் முறையாகத் தனியாகப் பறந்தாள். கொட்டாம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல் தனியாக ஏறி, திடலை ஒரு வட்டம் சுற்றி, தனியாக இறங்க வேண்டும். பிள்ளைகள் அதற்கு முந்தின ராத்திரி தூங்க மாட்டார்கள். அவள் அப்பா விடியற்காலையிலேயே பஸ் ஏறி வந்து, கையில் ஒரு பெட்டி லட்டோடு கொட்டகை வாசலில் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

நானும் முத்தையா அண்ணனும் முழு ஓடுபாதையையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. ஓடுபாதைக்கு நடுவில், மேற்கு ஓரத்தில், புல்லில் ஜீப்பை நிறுத்தினோம். நான் கிளியர் சொன்னேன். ஹரிணி தெற்கிலிருந்து ஓடி எங்களைத் தாண்டி ஏறினாள். நல்ல ஏற்றம். வடக்கு முனை ஆள்காட்டிகள் வழக்கம்போல் பதுங்கின, விமானம் போனதும் எழுந்து இறகை உதறிக்கொண்டன. அதைத் தொலைநோக்கியில் பார்த்தேன், அதனால் நிச்சயமாகச் சொல்கிறேன், விமானத்துக்காக அவை கத்தவில்லை.

அதற்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் கத்தின.

ஜோடியும் எழும்பி, பாய்ந்து, விலகி, திரும்பப் பாய்ந்தன. நான் நாய் என்று நினைத்துத் தொலைநோக்கியைத் தரைக்கு இறக்கினேன். நாய் இல்லை. தார் துடைத்து வைத்த மாதிரிக் கிடந்தது. புல் வெட்டி நாலு நாள்தான் ஆகியிருந்தது, ஒரு கீரி ஓடினாலும் தெரியும். பறவை எவ்வளவு தாழ்வாக வருகிறது என்று பார்த்தேன். முழங்காலுக்கு இறங்கவில்லை. ஒரு ஆள் தலை உயரத்துக்கு வந்து விலகி ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, வடக்க யாரும் நிக்கிறாங்களா?"

முத்தையா அண்ணன் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். "ஒருத்தரும் இல்லையே டீச்சர். எதுக்கு இந்தக் கத்துக் கத்துதுக?"

பார்த்துக்கொண்டே இருக்கும்போது அந்தப் பாய்ச்சல் நகர ஆரம்பித்தது. ஓடுபாதையின் நடுக்கோட்டை ஒட்டி, தெற்கு நோக்கி, எங்களைப் பார்த்து. பறவைகள் கொஞ்ச தூரம் கூடவே வந்தன, பிறகு தங்கள் எல்லை முடிந்ததும் விட்டுவிட்டுத் திரும்பிவிட்டன. அப்பாடா என்று நினைத்தேன். மூன்று நிமிஷம் இருக்கும், எங்களுக்குக் கிட்டத்தில் முட்டை வைத்திருந்த நடு ஜோடி எழும்பியது. அந்த இடத்திலிருந்து இந்த இடத்துக்கு ஒரு மனிதன் நிதானமாக நடந்து வந்தால் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவுதான் ஆகியிருந்தது.

வாக்கிடாக்கியில் கேப்டன் கேட்டார். "ஹரிணி இறங்கத் திரும்பிட்டா. ஓடுபாதை கிளியரா?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? என் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கிளியர் என்று சொல்வதுதான் முறை. ஆனால் மூன்று வருடத்தில் அந்தப் பறவை ஒரு தடவைகூடப் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை, என் கண் எத்தனையோ தடவை ஏமாந்திருக்கிறது. அந்தப் பக்கம் தெற்கே, வெயிலில் மினுங்கிக்கொண்டு, ஒரு பொட்டு மாதிரி அந்தப் பிள்ளையின் விமானம் இறங்க ஆரம்பித்துவிட்டது.

"இல்ல சார். கிளியர் இல்ல."

"என்ன நிக்குது?"

"தெரியல சார்."

பிறகு அவர் ஹரிணியிடம் இறங்க வேண்டாம், மேலே ஏறி இன்னொரு சுற்று வா என்று சொல்வது கேட்டது. விமானம் எங்கள் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு ஏறிப் போனது. கொட்டகை வாசலில் அவள் அப்பா ரெண்டடி முன்னால் வந்து நின்றார், அவருக்கு என்ன ஏதென்று தெரியாதே.

"ஜெசிந்தா, நானும் பாக்குறேன், அங்க ஒண்ணுமே இல்ல. உன் குருவி கத்துதுன்னா நிறுத்துன?"

"ஆமா சார்."

"அந்தப் பொண்ணுக்கு இதுதான் முத நாள். புரியுதா?"

"புரியுது சார். ஒரு சுத்துக்குள்ள பாத்துச் சொல்றேன்."

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பாய்ச்சல் நகர்வது நின்றுவிட்டது. எங்கள் ஜீப்புக்கு நேரே, நாற்பதடி தள்ளி, நடுக்கோட்டுக்கு மேல். பறவை இரண்டும் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பாய்ந்தன. வருகிற ஆள் நின்றுவிட்டால் அவை அப்படித்தான் செய்யும். குளிர்ந்த காற்று அடித்தது, மல்லிகை வாசம் வந்தது என்றெல்லாம் சொல்ல எனக்கும் ஆசைதான், ஒன்றும் வரவில்லை. பெட்ரோல் வாசம்தான் வந்தது.

"அண்ணே," என்றேன், "அங்க ஒரு ஆள் நிக்குது."

ஒரு விலங்கியல் டீச்சர் பறவையைப் பார்த்துச் சொன்ன முடிவு அது, அவ்வளவுதான். முத்தையா அண்ணன் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். செருப்பைக் கழற்றி ஜீப்பிலேயே போட்டார். ஆட்டோடு உள்ளே வந்துவிடுகிறவர்களை ஓரமாகக் கூப்பிடப் போவாரே, அதே நடை. நடுக்கோட்டுக்கு இரண்டடி முன்னால் நின்றார், ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துப் பேசினார். காலையில் சத்தம் நன்றாகக் கேட்கும், ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது.

"இங்கிட்டு நிக்கக் கூடாதுங்க. பிளேன் எறங்கப் போகுது. சின்னப் பிள்ள ஓட்டிட்டு வருது, பயந்துரும். வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இடது முழங்கையை மடித்து நீட்டினார், கண் தெரியாதவர்கள் பிடித்துக்கொள்ள நீட்டுவோமே அப்படி. திரும்பிக் கிழக்கு வேலிப் பக்கம் மெதுவாக நடக்க ஆரம்பித்தார்.

பாய்ச்சலும் கூடவே நகர்ந்தது.

நம்பினால் நம்புங்கள், நான் தொலைநோக்கியை எடுக்கவில்லை, வெறும் கண்ணாலேயே பார்த்தேன். ஒரு பறவை முத்தையா அண்ணன் தலைக்குப் பாய்ந்தது. இன்னொன்று அவருக்கு இடப்பக்கம், ஒரு முழம் தள்ளி, வெறும் காற்றுக்குப் பாய்ந்தது. அவர் தலைக்கு வந்ததைவிட அது கொஞ்சம் தாழ்வாக வந்தது. கூட நடப்பவர் உயரம் கம்மி போல.

தெற்கே ஹரிணி மறுபடி இறங்கத் திரும்பிவிட்டாள். அவர்கள் இன்னும் தாரைத் தாண்டவில்லை. அவர்கள் என்று நானே நினைத்ததை எண்ணி இப்போதும் எனக்கு ஆச்சரியம்தான். "அண்ணே, வெரசா!" என்று கத்தினேன். அவர் திரும்பாமலே வலது கையைத் தூக்கி, பொறு என்று காட்டினார். வேகமாக நடக்க முடியாதவரை நாம் இழுத்துக்கொண்டு போவோமா?

"சார், இன்னொரு சுத்து" என்றேன்.

இந்தத் தடவை கேப்டன் என்னை எதுவும் கேட்கவில்லை. மாடி அறையிலிருந்து அவருக்கும் முத்தையா அண்ணன் தெரிந்திருப்பார். ஹரிணியின் குரல் வந்தது. "சார், மறுபடியுமா? நான் ஏதாவது தப்பு பண்றேனா?" அவர் சொன்னார், "நீ சரியாத்தான் பண்ற. கீழ ஒருத்தர் கிராஸ் பண்றாரு. நிதானமா சுத்திட்டு வா." அந்த மனிதர் அவ்வளவு மென்மையாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

கிழக்கு வேலியில் ஒரு சின்னக் கேட் உண்டு. பூட்டித்தான் இருக்கும், சாவி முத்தையா அண்ணன் இடுப்பில் இருக்கும். தாரைத் தாண்டி அந்தக் கேட்டை அவர் நெருங்க நெருங்க, பறவை இரண்டுமே இடப்பக்கத்துக்கு மட்டும் பாய ஆரம்பித்தன, அவர் தலைப் பக்கம் ஒன்றுகூட வரவில்லை. அதை நான் கவனித்தேன். அந்த நேரத்தில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பூட்டைத் திறந்தார், கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார், தலையை லேசாக ஆட்டினார், பிறகு சாத்திப் பூட்டினார். ஆள்காட்டிகள் கத்தலை நிறுத்திவிட்டு வந்து முட்டைமேல் உட்கார்ந்தன.

நான் கிளியர் சொன்னேன். ஹரிணி இறங்கினாள், ஒரு துள்ளல்கூட இல்லாமல். கொட்டகை வாசலில் அவள் தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார்கள், முதல் தடவை தனியாகப் பறந்தவர்களுக்கு அப்படிச் செய்வது வழக்கம். அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாக. அவள் அப்பா லட்டுப் பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் நீட்டினார், எனக்கு இரண்டாகக் கொடுத்தார். நான் தனியாகக் கூப்பிட்டு ஹரிணியிடம் கேட்டேன், மேலே இருந்து பார்க்கும்போது வேலிக் கேட் பக்கம் எத்தனை பேர் நின்றார்கள் என்று.

"ஒருத்தர் மேம். முத்தையா அண்ணன் மாதிரி இருந்துச்சு."

"ஒருத்தர்தானா?"

"ஒருத்தர்தான். ஏன் மேம்?"

சும்மா கேட்டேன் என்றேன். இதையும் நான் மறைக்காமல் சொல்ல வேண்டும் இல்லையா? அவள் ஒருவரைத்தான் பார்த்தாள்.

கேப்டன் எங்கள் இருவரையும் மாடிக்குக் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்று நினைத்துத்தான் ஏறினேன். தினசரிப் பதிவேட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார். ஓடுபாதையில் எதற்காக இரண்டு தடவை இறங்குவதை நிறுத்தினோம், என்ன உயிரினம், எத்தனை என்று அதில் எழுத வேண்டும்.

"என்ன எழுதட்டும் சார்?"

அவர் முத்தையா அண்ணனைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "நாய்னு எழுது" என்றார். எழுதினேன். நாய், ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பதிவேட்டில் இருக்கும் ஒரே பொய் அதுதான். முட்டைகளை எடுக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் சொல்லவில்லை.

வெளியே வந்து ஜீப்பில் உட்கார்ந்ததும் கேட்டேன். "அண்ணே, உண்மையச் சொல்லுங்க, யாரையாச்சும் பாத்தீங்களா?"

"இல்ல டீச்சர்."

"அப்புறம் யார்கிட்டப் பேசுனீங்க?"

"நீங்கதான ஆள் நிக்குதுன்னு சொன்னீக." அதைச் சாதாரணமாகச் சொன்னார், வண்டியைக் கிளப்பிக்கொண்டே. "நீங்க சொன்னா இருக்கும். அதேன் போனேன்."

"அம்புட்டு மெதுவா ஏன் நடந்தீங்க?"

அதற்கு மட்டும் யோசித்தார். "அவுகளுக்கு அம்புட்டுத்தேன் நடக்க முடிஞ்சுச்சு" என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். இடது முழங்கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். யாராக இருக்கும் என்று கேட்டதற்கு, "யாரா இருந்தா என்ன டீச்சர், வழி தெரியாம நின்னுருக்காக" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் நானே இதற்கு ஏதாவது காரணம் கண்டுபிடித்திருப்பேன். பறவைக்கு நமக்குத் தெரியாத நிறம் தெரியும், நமக்குக் கேட்காத சத்தம் கேட்கும், வெயில் ஏறும்போது தாருக்கு மேல் காற்று அலையடிக்கும், அதைப் பார்த்து மிரண்டிருக்கலாம். என் வீட்டுக்காரரும் இதைத்தான் சொன்னார், நானும் பாதி ஒத்துக்கொண்டேன்.

நாலைந்து நாள் கழித்து, ஜீப்பில் இருந்து இறங்கித் தண்ணீர் குடிக்கப் போன முத்தையா அண்ணன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். "டீச்சர், உங்க குருவிக என்னைய ஆளாவே மதிக்க மாட்டேங்குதுக."

நடு ஜோடியின் முட்டையை ஒட்டி நடந்து வந்திருக்கிறார், பறவை எழும்பவே இல்லையாம். பழகியிருக்கும் அண்ணே என்றேன். எனக்கு அவர் சொன்னது மனசில் உறுத்தியது, ஏனென்றால் ஆள்காட்டி பழகாது. மூன்று வருடமாகத் தினம் பார்க்கிற என்னைக் கண்டால் இன்றைக்கும் நாற்பதடியில் எழும்புகிறது. நான் நடந்து பார்த்தேன், எழும்பிக் கத்தி என் மண்டைக்குப் பாய்ந்தன. அடங்கியதும் அவரை நடக்கச் சொன்னேன். அவர் முட்டைக்கு இரண்டடி பக்கத்தில் நின்றார். பறவை அவருக்குப் பின்னால் இருந்த வேலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வடக்கு ஜோடியும் அப்படித்தான். தெற்கு ஜோடியும் அப்படித்தான். அந்த வருடக் குஞ்சுகள் பொரித்துப் போயின. அடுத்த வருடம் வேறு இடத்தில் புதிதாக ஒரு ஜோடி வந்து முட்டை வைத்தது, நான் பார்த்தே இராத ஜோடி. அதைப் பற்றி அவரிடம் நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் அவராகவே வாளியைத் தூக்கிக்கொண்டு நேராக அதை நோக்கிப் போனார். சாய்ந்த வெயில், அவர் நிழல் முட்டைமேல் விழுந்தது, பறவைமேலும் விழுந்தது. அது தலையைக்கூடத் தூக்கவில்லை. நான் ஜீப்பிலிருந்து ஒரு காலைத் தரையில் வைத்தேன், அவ்வளவுதான், அலறிக்கொண்டு எழும்பியது. முத்தையா அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார்.

அவருக்கு ஒரு குறையும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நன்றாகச் சாப்பிடுகிறார், போன தை மாதம் மகளுக்குக் கல்யாணம் செய்தார், நானும் போய் மொய் எழுதிவிட்டு வந்தேன். டாக்டரிடம் காட்டினோம், இதயம் ரத்தம் எல்லாம் சரியாக இருக்கிறதாம். நாய் அவரைப் பார்த்து வாலாட்டுகிறது. மயில் அவரைக் கண்டு ஓடுகிறது. ஆள்காட்டிக்கு மட்டும்தான் அவர் இல்லை.

அன்றைக்கு "ஆள் நிக்குது" என்று சொன்னது நான். வாயை மூடிக்கொண்டு, கேப்டனிடம் மட்டும் சொல்லியிருந்தால் முத்தையா அண்ணன் ஜீப்பை விட்டு இறங்கியிருக்க மாட்டார். இதை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன், எதற்கு மன்னிப்பு என்று அவர் கேட்டால் என்னவென்று சொல்வது?

இப்போது வேலைக்கு ஆள் கூடிவிட்டதால், காலையில் அவர் தனியாக ஜீப்பை வடக்கு முனைக்கு ஓட்டிக்கொண்டு போவார், நான் கொட்டகைப் பக்கம் நிற்பேன். போய்ச் சேர்ந்ததும் வாக்கிடாக்கியில் "வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், கொஞ்ச நாளாக வேறு மாதிரிக் கேட்கிறார். சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார், மற்றவர்கள் ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

"டீச்சர், நான் தெரியிறேனா?"

"தெரியிறீங்க அண்ணே" என்கிறேன். ஆனால் உடனே சொல்வதில்லை. முதலில் தொலைநோக்கியை எடுத்து, வடக்கு முனையில் அவர் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.